வான்கோழிக்கு வைத்த ஷாக் தனக்கே அடித்தது: கம்ப்யூட்டர் பிளக்கின் மூன்றாவது பின்னும் பெஞ்சமின் பிராங்க்ளினும்

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் முகம் பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. அவர் ஒருநாளும் அமெரிக்க அதிபராக இருந்ததில்லை. அச்சுத் தொழிலாளி, பத்திரிகை ஆசிரியர், தூதர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் என்று அவருக்குப் பல அடையாளங்கள் உண்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் யாருக்கும் நெருக்கமான அடையாளம் வேறு. ஆபத்தான மின்சாரத்துக்குத் தரை வரை ஒரு வழி போட்டுக் கொடுத்தால் அது மனிதனை விட்டுவிடும் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர்.

மூன்று பின் பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் ஒரு பின் இருக்குமே, அது செய்யும் வேலையும் அதுதான். லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுர்ருனு ஒரு கூச்சம் வருகிறது என்றால், பெரும்பாலும் அந்த வழி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அந்த அடாப்டரில் அப்படி ஒரு வழியே இல்லை என்று அர்த்தம்.

யார் இந்த பிராங்க்ளின்?

1706 ஜனவரி 17 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் தயாரித்து விற்றவர். இரண்டு மனைவிகள் மூலம் அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள். அதில் பெஞ்சமின் 15-வது. அத்தனை பேரைப் படிக்க வைக்க வருமானம் போதவில்லை. பெஞ்சமினின் பள்ளிப் படிப்பு இரண்டே வருடத்தில் முடிந்தது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். அண்ணனோடு ஒத்துப்போகாமல் 17 வயதில் வீட்டை விட்டு ஓடி பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார்.

அங்கே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். 1729-ல் பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையை வாங்கினார். 1732 முதல் அவர் வெளியிட்ட பஞ்சாங்கம் போன்ற ஆண்டு மலர் சக்கைப்போடு போட்டது. 1731-ல் சந்தா நூலகம், 1736-ல் தன்னார்வத் தீயணைப்புக் குழு என்று ஊருக்கும் வேலை செய்தார். 42 வயதில், 1748-ல், அச்சகத்தைப் பங்குதாரரிடம் ஒப்படைத்துவிட்டு அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கினார். அப்போது அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே விஷயம்: மின்சாரம்.

ஜாடிக்குள் அடைத்த மின்சாரம்

அன்றைக்கு மின்சாரம் என்றால் வேடிக்கை. கண்ணாடிக் குழாயைத் தேய்த்துப் பொறி வரவைப்பது, வரிசையாகக் கைகோத்து நிற்பவர்களுக்கு ஒரே நேரத்தில் ஷாக் கொடுப்பது மாதிரியான விளையாட்டுகள். லண்டனைச் சேர்ந்த பீட்டர் காலின்சன் என்பவர் பிலடெல்பியா நூலகத்துக்கு அனுப்பிவைத்த ஒரு கண்ணாடிக் குழாய் பிராங்க்ளின் கைக்கு வந்தது. அதிலிருந்து அவர் வீட்டில் எந்நேரமும் சோதனைதான்.

அப்போது கிடைத்த முக்கியமான கருவி லைடன் ஜாடி. உள்ளேயும் வெளியேயும் கடத்தும் பொருளைக் கொண்ட கண்ணாடி ஜாடி அது. இன்றைய மொழியில் சொன்னால் அதுதான் முதல் கெபாசிட்டர். ஜாடியின் ஒரு பக்கம் மின்சாரம் கூடுதலாகவும் மறுபக்கம் அதே அளவு குறைவாகவும் இருக்கிறது, இரண்டையும் இணைத்தால் சமன் ஆகிவிடுகிறது என்று பிராங்க்ளின் விளக்கினார். கூடுதலுக்கு பாசிட்டிவ், குறைவுக்கு நெகட்டிவ் என்று பெயர் வைத்தார். சார்ஜ், பேட்டரி போன்ற சொற்களை இன்று நாம் பயன்படுத்தும் மின் அர்த்தத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1750 டிசம்பர் 23: என்ன நடந்தது?

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. மின்சாரம் பாய்ச்சி ஒரு வான்கோழியைக் கொல்வதாகத் திட்டம். இரண்டு பெரிய ஜாடிகள் முழுமையாகச் சார்ஜ் செய்யப்பட்டிருந்தன. சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிராங்க்ளின் கவனம் ஒரு நொடி சிதறியது. ஒரு கை ஜாடிகளின் மேல் கம்பிகளைத் தொட்டது. இன்னொரு கையில் ஜாடிகளின் வெளிப்பக்கத்தோடு இணைந்த சங்கிலி இருந்தது.

மொத்த மின்சாரமும் ஒரு கையில் ஏறி மறு கை வழியாக இறங்கியது. பெரிய வெளிச்சம் வந்ததாகவும் துப்பாக்கி வெடித்தது மாதிரி சத்தம் கேட்டதாகவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. உடம்பு முழுக்க உதறியது. சங்கிலியைப் பிடித்திருந்த கை ரத்தம் வற்றியது போல வெளுத்தது. கைகளிலும் பின்கழுத்திலும் மரத்த உணர்வு மறுநாள் காலை வரை நீடித்தது. நெஞ்செலும்பு வலி அதற்குப் பிறகும் இருந்தது. இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்த அவர், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று ஒரு நண்பரிடம் சொல்ல அனுமதித்தார். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய தவறைச் செய்துவிட்டோமே என்ற வெட்கம்.

இதில் இன்றைக்கும் பொருந்தும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கையிலிருந்து கைக்குப் பாயும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். அங்கேதான் இதயம் இருக்கிறது. அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன்கள் மின்னோட்டம் இருக்கக்கூடிய இடத்தில் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் வைக்காமல் இருப்பது இதனால்தான்.

இரண்டு, பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில், 230 வோல்ட் லைனில் ஓடும்போது 300 வோல்ட்டுக்கும் மேல் நேர்மின் அழுத்தம் நிற்கும். அணைத்தவுடன் அது பூஜ்ஜியம் ஆகிவிடும் என்று நம்பக் கூடாது. யூடியூப் வீடியோ பார்த்து எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கும் யாரும், பிராங்க்ளின் கை வைத்த அதே மாதிரி ஒரு ஜாடியில்தான் கை வைக்கிறார்கள்.

பட்டத்தில் மின்னல் விழுந்ததா?

விழவில்லை. அவரைப் பற்றி உலவும் பெரிய தவறான நம்பிக்கை இதுதான்.

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று பிராங்க்ளின் சந்தேகித்தார். உயரமான இடத்தில் கூர்மையான இரும்புக் கம்பியை நட்டு, மேகத்திலிருந்து மின்சாரம் வருகிறதா என்று சோதிக்கலாம் என 1750-ல் எழுதினார். அது அடுத்த ஆண்டு லண்டனில் புத்தகமாக வந்தது. அதைப் படித்த டாலிபார், பாரிஸுக்கு அருகே மார்லி என்ற கிராமத்தில் சுமார் 40 அடி உயரக் கம்பியை நட்டார். 1752 மே 10 அன்று இடி இடித்தபோது டாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு விடப்பட்டிருந்த முன்னாள் படைவீரர் குவாஃபியே கம்பியிலிருந்து பொறியை இழுத்துக் காட்டினார். ஊர்ப் பாதிரியாரும் ஓடிவந்து அதைச் செய்து பார்த்தார்.

அந்தச் செய்தி கடல் தாண்டி வருவதற்குள் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் தனியாகப் பட்டம் விட்டுவிட்டார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. துணைக்கு இருந்தவர் மகன் வில்லியம்; படங்களில் காட்டுவது போலச் சின்னப் பையன் அல்ல, இருபதைத் தாண்டிய இளைஞர். நனைந்த சணல் கயிறு மின்சாரத்தைக் கடத்தியது. கயிற்றின் முனையில் சாவி. அதன் பிறகு கையில் பிடிக்க, நனையாமல் கூரையடியில் வைத்திருந்த பட்டு நாடா. மேகத்தைச் சுற்றியிருந்த மின்புலத்தால் கயிற்றில் ஏறிய சார்ஜ்தான் சாவியில் பொறியாகத் தெரிந்தது. நேரடியாக மின்னல் தாக்கியிருந்தால் சோதனையைப் பற்றி எழுத அவர் இருந்திருக்க மாட்டார்.

உயிரைப் பறித்த அறுந்த வழி

அடுத்த ஆண்டு அதுவே நடந்தது, ரஷ்யாவில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கியோர்க் ரிச்மன், தன் வீட்டுக் கூரையில் கம்பியை நட்டு, அதிலிருந்து அறைக்குள் ஒரு இணைப்பு கொண்டுவந்திருந்தார். மேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்று அளப்பதுதான் நோக்கம். அளக்க வேண்டும் என்றால் மின்சாரம் தரைக்குப் போய்விடக் கூடாது. எனவே அந்தக் கம்பி பூமியோடு இணைக்கப்படவே இல்லை.

1753 ஆகஸ்ட் 6. இடிச்சத்தம் கேட்டு ரிச்மன் வீட்டுக்கு விரைந்தார். பார்த்து வரைய ஓவியர் ஒருவரும் உடன் போனார். அளவைப் பார்க்க ரிச்மன் குனிந்தபோது, கருவியிலிருந்து நெருப்புப் பந்து போல ஒன்று பாய்ந்து நெற்றியில் தாக்கியது. அங்கேயே உயிர் பிரிந்தது. நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி; ஒரு கால் ஷூ கிழிந்திருந்தது. மின்சாரம் தரைக்குப் போக அந்த அறையில் இருந்த எளிய வழி அவருடைய உடம்புதான்.

எர்த் இல்லாத வீட்டில் உள்ள உலோகப் பெட்டி எதுவும், சின்ன அளவில், ரிச்மனின் கம்பி மாதிரிதான். மின்சாரம் அதில் வந்து நிற்கும். அடுத்து யார் தொடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இடிதாங்கி: தாங்குவதில்லை, கடத்துகிறது

தமிழில் இடிதாங்கி என்கிறோம். அது எதையும் தாங்குவதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. வந்த மின்சாரத்தைக் கட்டடத்துக்கும் ஆளுக்கும் கொடுக்காமல் நேரே மண்ணுக்குள் அனுப்பிவிடுகிறது.

1753-க்கான ஆண்டு மலரில் பிராங்க்ளின் அதைச் செய்யும் முறையை எல்லாருக்கும் புரிகிற மாதிரி வெளியிட்டார். இரும்புக் கம்பியின் ஒரு முனை ஈரமான மண்ணுக்குள் மூன்று நான்கு அடி இறங்க வேண்டும். மறுமுனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் ஆறு முதல் எட்டு அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உச்சியில் கூராக்கிய பித்தளைக் கம்பி. அவ்வளவுதான். காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

தன் சொந்த வீட்டில் மட்டும் விளையாட்டாக ஒன்று செய்தார். கூரைக் கம்பியிலிருந்து கிணற்றுப் பம்பு வரை இறங்கிய கம்பியை மாடிப்படி அருகே வெட்டி, சில அங்குல இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் மணி தொங்கவிட்டார். நடுவே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. மேகம் சார்ஜோடு வந்தால் குண்டு இங்கும் அங்கும் ஆடி மணி அடிக்கும். ஒரு ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், மணிகளுக்கு இடையே வெள்ளை வெளிச்சம் தொடர்ச்சியாக ஓடி மாடிப்படியே பட்டப்பகல் போல இருந்தது.

அவர் லண்டனில் இருந்த காலத்தில் மனைவி டெபோராவுக்கு அந்த மணிச்சத்தம் பயத்தைக் கொடுத்தது. 1758-ல் அவருக்கு எழுதிய கடிதத்தில் பிராங்க்ளின் தீர்வு சொன்னார்: இரண்டு மணிகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் போதும், சத்தம் நின்றுவிடும். தெரிந்தோ தெரியாமலோ அதுதான் இன்றைய வயரிங்கின் அடிப்படை விதியும். எர்த் வயர் எங்கேயும் அறுபடக் கூடாது. அதில் ஸ்விட்ச் வைக்கக் கூடாது, ஃபியூஸ் வைக்கக் கூடாது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

எல்லாப் பக்கமிருந்தும். இடி கடவுளின் கோபம், அதைத் தடுக்க மனிதன் யார் என்றார்கள் சிலர். 1755-ல் நியூ இங்கிலாந்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, பாஸ்டனின் இடிதாங்கிகள் பூமிக்குள் மின்சாரத்தை நிரப்பியதுகூடக் காரணமாக இருக்கலாம் என்று ஒரு பாதிரியார் எழுதினார். பிரான்ஸின் செயின்ட் ஓமர் நகரில் ஒருவர் வீட்டில் வைத்த இடிதாங்கியை எடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, வழக்கு மேல்முறையீடு வரை போனது. 1783-ல் இடிதாங்கி பக்கம் வாதாடி ஜெயித்த இளம் வக்கீல், பிற்காலத்தில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் பெற்ற ரோபஸ்பியர்.

எதிர்ப்பின் விலை உயிர்கள். ஐரோப்பாவில் இடி இடிக்கும்போது தேவாலய மணி அடித்தால் ஆபத்து விலகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஊரிலேயே உயரமான கோபுரம், நனைந்த கயிறு, அதைப் பிடித்து இழுக்கும் மனிதன். மணியடித்தவர்கள் பலர் செத்துப்போனார்கள். 1769-ல் இத்தாலியின் பிரெஷா நகரில் வெடிமருந்து வைத்திருந்த இடத்தில் மின்னல் விழுந்து, நகரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. இங்கிலாந்து அரசு பயந்துபோய் தன் வெடிமருந்துக் கிடங்கைக் காப்பாற்ற 1772-ல் ஒரு நிபுணர் குழுவிடம் கேட்டது. அதில் பிராங்க்ளினும் இருந்தார்.

அவர் சொன்ன எல்லாமே சரியாக இருந்ததா? இல்லை. கூர்முனை மேகத்தின் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும் என்று முதலில் நினைத்தார். உண்மையில் இடிதாங்கியின் வேலை விழும் மின்னலைக் கடத்துவதுதான். கூர்முனையைவிடக் கொஞ்சம் மழுங்கிய முனையே மின்னலை நன்றாக ஏற்கிறது என்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த சோதனைகளை வைத்து ஆய்வாளர்கள் 2000-ல் எழுதினார்கள். ஆனால் கம்பி அறுபடாமல் ஈரமண் வரை போக வேண்டும் என்ற அடிப்படை மாறவே இல்லை.

உங்கள் மேஜைக்குக் கீழே இருப்பது என்ன?

பிராங்க்ளின் கையாண்டது நொடியில் தீர்ந்துவிடும் மின்சாரம். வீட்டில் வருவது 230 வோல்ட். யாராவது நிறுத்தும் வரை நிற்காது. 10 மில்லிஆம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்த கையை எடுக்க முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பே குலையலாம்.

டெஸ்க்டாப்பின் உலோகக் கேபினெட் மூன்று பின் கார்டு வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். உள்ளே பேஸ் வயர் கழன்று கேபினெட்டில் பட்டால், மின்சாரம் எர்த் வயரில் பெருமளவு பாயும். ஃபியூஸ் போகும் அல்லது எம்சிபி விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. கேபினெட் சத்தமில்லாமல் 230 வோல்ட்டில் காத்திருக்கும்.

பழுதே இல்லாவிட்டாலும்கூட, எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் கொஞ்சம் மின்சாரத்தைக் கேபினெட்டுக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடும்போது கூச்சமாகத் தெரியும். இந்தக் கசிவு மிகச் சிறியது. ஆனால் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மானிட்டர், கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று சேரச் சேரக் கசிவும் கூடும். இரண்டு பின் லேப்டாப் அடாப்டர்கள் இரட்டைக் காப்புடன் செய்யப்பட்டவை; அவற்றில் வரும் லேசான கூச்சம் பொதுவாக ஆபத்தில்லை. சுளீர் என்று அடித்தால் கதை வேறு. உடனே கழற்றிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இவை:

- மூன்றாவது பின்னை உடைப்பது, மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் போடுவது இரண்டும் வேண்டாம். அந்தப் பின் நீளமாக இருப்பதே முதலில் இணைந்து கடைசியில் விலகத்தான்.
- எர்த் இல்லாத சாக்கெட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுக்க மின்சாரம் வரும்.
- தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது அந்தக் காலம். இப்போது குழாய் பிவிசி, கடத்தவே கடத்தாது.
- ஈர மண் என்று பிராங்க்ளின் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கோடையில் எர்த் குழி காய்ந்தால் மின்தடை ஏறும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லலாம்.
- 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஆனால் பேஸை ஒரு கையாலும் நியூட்ரலை இன்னொரு கையாலும் தொட்டால் அதற்குத் தெரியாது. பிராங்க்ளின் வாங்கியது அந்த வகை ஷாக்.
- இடி மின்னல் நேரத்தில் வீட்டு எர்த்தை மட்டும் நம்பாமல், இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கையும் பிராட்பேண்ட் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

கடைசிக் காலம்

அதன்பிறகு பிராங்க்ளினின் வாழ்க்கையை அரசியல் இழுத்துக்கொண்டது. 1776-ல் சுதந்திரப் பிரகடனம், பிறகு பிரான்ஸில் ஒன்பது ஆண்டுகள், 1783-ல் பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம், 1787-ல் அரசியலமைப்பு. தன் வீட்டிலேயே அடிமைகளை வைத்திருந்தவர், கடைசியில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு மனுவும் அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று 84 வயதில் இறந்தார்.

பிரான்ஸிலிருந்து திரும்பிய பிறகு ஒருநாள் வீட்டு வேலைக்காகக் கூரையிலிருந்து இடிதாங்கியை இறக்கினார்கள். உச்சியில் சுமார் ஒன்பது அங்குலம் இருந்த செப்பு முனை கிட்டத்தட்ட முழுவதும் உருகிப்போயிருந்தது. அவர் இல்லாத நாட்களில் எப்போதோ மின்னல் விழுந்திருக்கிறது. வீட்டில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.